அஞ்சு மணி பலூன்

கிளெனிஸ் கழிவறையை விட்டு வெளியே வந்தபோது பலூனைக் காணோம். முப்பதாவது கிலோமீட்டரில் இலவசமாகக் கொடுத்த மாம்பழ ஜெல்லை ஆசையாக விழுங்கியதன் பலன் அந்தக் கழிவறை. அடுத்த கழிவறையிலிருந்து பல் டாக்டர் கிளைவ் அவளைப் போலவே வெளிறிய முகத்தோடு வெளியே வந்தார். இன்னும் ஆறு பேர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் இது முதல் மாரத்தான்.

"டாக்டர், பலூன் எந்தப் பக்கம் போச்சு?"

"நானே இப்பத்தான் உயிரோட வர்றேன். என்னைப் போய் கேக்கறீங்களே."

அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. "மூளைய வீட்ல வெச்சிட்டு வா, பலூன மட்டும் பாத்து ஓடு" என்று பயிற்சியாளர் நோரீன் பத்து மாதமாக ஓதியிருந்தாள். அஞ்சு என்று எழுதிய பலூனைத் தூக்கிக்கொண்டு ஒருவர் முன்னால் ஓடுவார். அவர் முதுகை விடாமல் போனால் ஐந்து மணி நேரத்தில் எல்லைக்கோடு. ரொம்பப் பின்தங்கினால் கடைசி வண்டி வந்து அள்ளிப் போட்டுக்கொள்ளும்.

அந்தக் கடைசி வண்டியை ஓட்டுகிறவன் மெர்வின். போன வருஷம் வரை அவளுடைய புருஷன். விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீ மாரத்தான் ஓடினா நான் தொப்பிய மென்னு முழுங்கறேன்" என்று வக்கீல் முன்னாலேயே சிரித்தவன். அந்த வண்டியில் ஏறுவதைவிடப் பக்கத்தில் ஓடும் மர்ரே ஆற்றில் குதித்துவிடலாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

திரும்பிப் பார்த்தாள். வண்டி மஞ்சள் விளக்கைச் சிமிட்டியபடி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

"அதோ, பலூன்" என்றார் கிளைவ்.

பெட்ரோல் பங்க் வாசலில் பெரிய அஞ்சு ஒன்று பளபளத்தது. அதைப் பிடித்துக்கொண்டு தாடிக்காரர் ஒருவர் அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார். காலையில் பலூன் பிடித்தவருக்குத் தாடி கிடையாது. பாதியில் ஆள் மாறுவார்கள் என்று நோரீன் சொல்லியிருந்தது நல்ல வேளையாக நினைவுக்கு வந்தது. தோளில் ஒரு மூட்டை ஐஸ் வேறு. கால் பிடித்துக்கொண்டவர்களுக்கு வைப்பதற்காகத்தான் இருக்கும், எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று அவளுக்கு மனம் இளகிவிட்டது.

தாடிக்காரர் ஆற்றோரப் பாதையைக் கடந்து ஒரு தெருவுக்குள் திரும்பினார். எட்டுப் பேரும் திரும்பினார்கள். பின்னால் ஹாரன் அலறியது.

"ஏய் கிளெனிஸ், நில்லு. சொல்றதக் கேளு."

"பதினெட்டு வருஷம் கேட்டாச்சு. போதும்" என்று சொல்லிவிட்டு அவள் வேகத்தைக் கூட்டினாள்.

சத்தம் கேட்டுத் தாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்தது. கையை வீசி ஏதோ கத்திவிட்டு ஓட்டம் பிடித்தார்.

"போங்க, போங்கங்கறாரு" என்றாள் கிளெனிஸ்.

"உற்சாகப்படுத்தறாரும்மா. எவ்ளோ நல்ல மனசு. விடாதீங்க."

விடவில்லை. அவர் சந்துக்குள் புகுந்தால் இவர்களும் புகுந்தார்கள். அவர் ஒரு வேலியைத் தாண்டினார். எட்டுப் பேரும் முனகிக்கொண்டே ஒருவரையொருவர் தூக்கிவிட்டுத் தாண்டினார்கள். கிளெனிஸுக்குத் தொடை இரண்டும் மரத்துப்போயிருந்தன. கட்டைவிரல் நகம் போனது போனதுதான். அழுதுகொண்டே ஓடினாள்.

தேவாலயக் கடிகாரத்தில் மணி பதினொன்று. கையில் கட்டியிருந்த, தூரம் காட்டும் கடிகாரம் எப்போதோ நின்றுவிட்டதால், எத்தனை கிலோமீட்டர் வந்தாள் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"டாக்டர், ஏழு மணிக்குத்தான கிளம்பினோம்? நாலு மணி நேரந்தான் ஆகுது."

"எல்லாம் பயிற்சிம்மா, பயிற்சி."

அடுத்த திருப்பத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. கலர் கலராகத் தோரணங்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே குறுக்காகக் கட்டிய ரோஸ் ரிப்பன். தாடிக்காரர் குனிந்து அதன் அடியில் புகுந்து புல்வெளியில் விழுந்தார். கிளெனிஸ் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நெஞ்சால் ரிப்பனை அறுத்தாள்.

வரவேற்க நின்றவர்கள் வாயடைத்துப் போயிருந்தார்கள். இவ்வளவு சீக்கிரம் வருவோம் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் யாரோ ஒருவர் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். ஒரு பெண்மணி தயங்கித் தயங்கி எலுமிச்சை ஜூஸை நீட்டினாள்.

வேலியைச் சுற்றிக்கொண்டு மெர்வின் வண்டி வந்து நின்றது. அவன் இறங்கினான்.

"நல்லா பாத்துக்க மெர்வின். ஓடி முடிச்சிட்டேன். உன் வண்டிக்கு வேற ஆளத் தேடு."

மெர்வின் தோரணத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வாயைத் திறந்து மூடினான். பதினெட்டு வருஷத்தில் அவனுக்குப் பேச்சு வராமல் போனது அதுதான் முதல் தடவை. இப்படி ஒரு சந்தோஷத்தைக் கிளெனிஸ் தன் கல்யாணத்தன்றுகூட அனுபவித்ததில்லை. கிளைவின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

காகிதக் கிரீடம் வைத்த ஒரு சின்னப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். எட்டுப் பேரையும் விரல் விட்டு எண்ணினாள். மெர்வினையும் சேர்த்துக்கொண்டாள். பிறகு புல்வெளியில் மல்லாந்து கிடந்த தாடிக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அஞ்சு வயசுக்கு அஞ்சு பேரத்தான் கூப்பிடணும்னு நீதானப்பா சொன்ன?"