அண்ணன் இறக்கிய கோடு

“இந்தியா முழுக்க உள்ள எச்.ஐ.வி. சதவீதத்தை நாளைக்கு நான் ஒற்றைக்கு நின்னு கொறைச்சுக் காட்டுவேன் ஆக்கும்!” பாறசாலை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து களியக்காவிளை வரை கேட்கும்படி மார்தட்டினார் யோசுவா.

தங்கை ஜீனா மடிக்கணினியிலிருந்து தலை தூக்கவே இல்லை. முப்பதாண்டுப் புள்ளிவிவரத்தைப் பிழிந்து, பெரியவர்களிடையே அந்தச் சதவீதம் இனி எப்படிப் போகும் என்று கோடு வரைவதுதான் அவள் உத்தியோகம். நாளை அறிக்கை அனுப்பியாக வேண்டும்.

“நூத்திநாப்பது கோடி பேருக்க கோட்டை அண்ணன் ஒராளு இறக்குமாக்கும்! சும்மாயிரி.”

“உனக்க கணக்குல பெரியவங்கன்னா எந்த வயசு வர?”

“பதினஞ்சுல இருந்து நாப்பத்தொம்பது. அம்பது ஆனவங்களை எடுக்க மாட்டோம்.”

“நாளைக்கு எனக்கு எத்தனை?”

“அம்பது. கேக்குக்குக்கூடச் சொல்லியாச்சு. அதுக்கென்ன?”

யோசுவா சட்டைப்பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை நீட்டினார். அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. மாத்திரை வாங்கிய சீட்டு. அதில் பதினொரு வருட முத்திரைகள். இத்தனை வருடமும் அதைச் சர்க்கரை மாத்திரை என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார்.

“அண்ணா… அப்போ இப்ப சொகமாச்சா?”

“இல்ல மக்கா. நோய் போகாது. நான்தான் கணக்குல இருந்து போறேன்.”

மறுநாள் அவள் அறிக்கையை அனுப்பவில்லை. கேக்கை வெட்டக் குனிந்த அண்ணனின் காதில், அழுதழுது கம்மிய குரலில் சொன்னாள்:

“கொறஞ்சாச்சு அண்ணா.”