தொண்ணூற்றாறு மதிப்பெண்

"நீங்கதான் கணக்கெடுக்க வந்த டாக்டரம்மாவா?"

ராஜபாளையத்து நூற்பாலை வாசலில் பியூலாவை மறித்தாள் மாரீஸ்வரி.

"டாக்டர் இல்லம்மா. கிருஷ்ணன்கோவில் காலேஜ்ல சைக்காலஜி டீச்சர். ஓய்வே எடுக்காம, வேலையை விட முடியாமத் தவிக்கிறவங்க யாருன்னு பாக்கச் சொல்லி மில்லுல கூப்பிட்டிருக்காங்க."

"அதுல பாக்க என்ன இருக்கு? எம் புருசந்தான். ஃபிட்டர் உக்கிரபாண்டி. லீவு அன்னைக்கு மடவார் வளாகம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். சாமி கும்பிடாம, கதவு கிரீச்சுங்குதுன்னு எண்ணெய் தேடிப் போயிட்டாவ. பிரஷர் எம்புட்டு ஏறிக் கெடக்கு தெரியுமா? ஒரு மாசம் லீவு வாங்கிக் குடுத்துருங்கம்மா. புண்ணியமாப் போவும்."

மூன்று நாள்கள் கேள்வித்தாள்களைக் கொடுத்து வாங்கினாள் பியூலா. ஓய்வெடுத்தால் குற்ற உணர்வு தோன்றுகிறதா? உடல்நலம் குன்றியபோதும் பணிக்கு வருகிறீர்களா? ஏறக்குறைய எல்லாவற்றிற்கும் 'எப்போதும்' என்றே குறித்திருந்தார் உக்கிரபாண்டி.

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

மேலாளர் சுப்புராஜ் அறிக்கையை ஒரு வரி விடாமல் வாசித்தார்.

"இது ஆபத்தான அளவு சார். இவருக்கு உடனே ஒரு மாசம் ஓய்வு வேணும்."

"இப்படி ஒரு மனுசன் இருக்கிறது இத்தனை வருசமா எனக்குத் தெரியாமப் போச்சே! நான் கவனிச்சுக்கிறேன் மேடம்."

அவர் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. பியூலா நிம்மதியுடன் விடைபெற்றாள்.

இரண்டு வாரங்களுக்குப் பின், ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் பால்கோவாப் பொட்டலத்துடன் ஓடி வந்தாள் மாரீஸ்வரி.

"எடுத்துக்கோங்கம்மா. எல்லாம் நீங்க போட்ட மார்க்குதான். போர்டுல ஒட்டியிருக்காவ. அவியதான் ஃபர்ஸ்ட்! ஷிப்ட் இன்சார்ஜ் ஆக்கிட்டாவ. இனி ரெண்டு ஷிப்டையும் அவியதான் பாக்கணும்."

"லீவு?"

"இந்நேரத்துல போயி லீவு கேக்கலாமா? பொறவு பாத்துக்கிடலாம்."

"பிரஷர்?"

"அதுக்குத்தான் மாத்திரை இருக்குல்லா."

பால்கோவாவை எடுக்க நீண்ட பியூலாவின் கை பாதியில் நின்றது. மாரீஸ்வரி நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"எந் தம்பி கருத்தையாவும் அதே மில்லுதான். சங்கு ஊதுனதும் வீட்டுக்கு வந்துருதான். பிள்ளைகளோட சிரிச்சு வெளையாடிக்கிட்டுக் கெடக்கான். வெறும் பன்னெண்டு மார்க்கு! அந்தப் பரீட்சையை அவன் திரும்ப எழுத ஏதும் வழி இருக்காம்மா?"