மாமனார் ஏறாத உயரம்

“எவ்ளோ ஒசரம் தூக்கணும் தம்பி?” என்று ஜீப்புக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் அன்வர் பாஷா கேட்டார்.

என் மாமனார் கால் எட்டாத உயரம் என்று சொல்ல முடியுமா?

“நல்லாவே தூக்குங்க பாய். கிரிவலப் பாதையெல்லாம் கல்லு” என்றேன்.

கல் இருந்தது உண்மைதான். 1983-இல் மலையைச் சுற்றும் பாதையில் கிடந்த ஒவ்வொரு கல்லும் கன்றுக்குட்டி அளவு இருக்கும். ஆனால் எந்தக் கல்லும் என் பக்கத்து சீட்டில் ஏறி உட்காரவில்லை. கீழ்பென்னாத்தூர் அப்பாசாமி உட்கார்ந்தார்.

அவர்தான் என் மாமனார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் என்று பஸ் ஏறி வந்துவிடுவார். ஆள் நடமாட்டம் குறைந்ததும் என் ஜீப்பின் முன்சீட்டில் ஏறி, தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார். அடி அண்ணாமலை வருவதற்குள் குறட்டை. ஊர் நெருங்கியதும் இறங்கி, ஒரு பிடி செம்மண்ணை இரண்டு காலிலும் பவுடர் மாதிரி பூசிக்கொண்டு நொண்டி நொண்டி நடப்பார். வெறுங்காலோடு மலை சுற்றிய மகான் என்று ஜனங்கள் விழுந்து கும்பிடும். ஒரு தடவை ஒரு போலீஸ்காரரே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு விழுந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து எல்லாப் பௌர்ணமியும் இப்படியே போயிற்று. முன்சீட்டில் மாமனார். என் மனைவி கஸ்தூரி வீட்டில். பின்சீட்டைத்தான் கடலை மூட்டை ஏற்றுவதற்காக எப்போதோ பிடுங்கியாயிற்றே.

நிலா வெளிச்சத்தில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே ஒரு சுற்று. நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஜீப், பட்டாளத்தில் ஏலம் விட்டது. எந்த யுத்தத்துக்குப் போய்வந்தோம் என்று அதற்கே மறந்துவிட்டது. மாமனார் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் தோள் இறங்கியும் போயிருந்தது.

மெட்ராஸிலிருந்து புது ஸ்பிரிங் செட் வரவழைக்கலாம் என்றார் பாஷா பாய். அவர் சொன்ன விலைக்கு ஜீப்போடு பாயையும் சேர்த்து வாங்கிவிடலாம்.

அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே மரக்கட்டை வைத்து இறுக்கினால் மலிவாம். “ஆனா திருப்பத்துல கட்டை ஒரு பக்கம் போவும், நீ ஒரு பக்கம் போவே.”

கடைசியாக, மூலையில் கிடந்த செத்துப்போன லாரியைக் காட்டினார். அதன் பட்டைகளை வெட்டி, இருக்கிற பட்டையோடு சேர்த்துக் கட்டலாம். செலவு கம்மி, உயரம் ஜாஸ்தி.

“குலுக்கல் பாய்?”

“அதுவும் ஜாஸ்திதான். போவும்போது பல்லை எண்ணிக்கோ, வரும்போது இன்னொருவாட்டி எண்ணிக்கோ.”

“லாரிப் பட்டையே போடுங்க” என்றேன். நிலா வெளிச்சத்தில் யார் பல்லை எண்ணப்போகிறார்கள்?

மாமனார் எங்கள் வாசற்படி ஏறுவதை ஒளிந்து நின்று பார்த்து வைத்திருந்தேன். ஒரு முழத்துக்கு மேல் அந்தக் கால் எழும்பாது. பாய் போதும் என்றபோதெல்லாம் நான் இன்னொரு பட்டை என்றேன்.

ஜாக்கியை இறக்கியதும் ஜீப் ஒட்டகம் மாதிரி எழுந்து நின்றது. ஆசிரமத்துக்குப் போய்க்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் செங்கம் ரோட்டிலேயே நின்று அதைக் கும்பிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அதே நேரம் மாமனாரும் வந்து சேர்ந்தார். ஜீப்பைக் காணோமே என்று கஸ்தூரியையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார்.

பக்கத்து டீக்கடை மொத்தமும் எழுந்து நின்றது. “இன்னிக்கும் நடைதானுங்களா சாமி?”

“அண்ணாமலையார் நடத்துறாரு, நான் நடக்கறேன்” என்று கண்ணை மூடிக்கொண்டார். “கோயில் வரைக்கும் மட்டும் மாப்ளே ஜீப்பு.”

கண்ணைத் திறந்தார். ஜீப்பைப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கினார். இறக்கினார். அடுத்த காலைத் தூக்கினார். கம்பியைப் பிடித்துத் தொங்கியும் பார்த்தார். கம்பிதான் வளைந்தது.

“இன்னா மாப்ளே இது, யானை கணக்கா நிக்குது?”

“ரோடு சரியில்லீங்க மாமா.”

சிரிப்பை அடக்கியதில் என் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. இந்தப் பௌர்ணமி என்னுடையது.

“கஸ்தூரி, நீ வா” என்றேன்.

அவள் சீட்டைத் தொட்டாள். அண்ணாந்து பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

“நான் ஏறலீங்க.”

“பொடவை தடுக்குதா? ஸ்டூல் போடறேன்.”

“அதில்லீங்க. இனிமே ஒசரம் ஏறக்கூடாதாம். குலுங்கற வண்டியில போவவே கூடாதாம். மத்தியானம் டாக்டரம்மா சொன்னாங்க.”

“எதுக்கு?”

பாஷா பாய் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு, “முபாரக் தம்பி” என்று வாழ்த்தினார்.

அங்கே இருந்தவர்களில் கடைசியாகப் புரிந்துகொண்டவன் நான்தான். எனக்கு முன்பே ஜீப்புக்குப் புரிந்திருக்கும்.

மாமனார் மகளைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். செருப்பை உதறினார், ஒன்று பறந்து போய் டீக்கடை பாய்லரில் மோதி விழுந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, மலை உச்சிக்கே கேட்கிற மாதிரி கத்தினார்:

“அண்ணாமலையாரே! என் பேரப்புள்ளைக்காக இந்த வாட்டி நெசமாவே நடந்துடறேன்!”

டீக்கடையில் தூக்கிய கிளாஸ் ஒன்றுகூட வாய்க்குப் போகவில்லை.