சுருளி உட்கார்ந்த இடம்

பாலித்தீன் பையின் வாயைச் சுருளியின் மூக்குக்கு நேரே விரித்துப் பிடித்தேன்.

உள்ளே அண்ணனின் பனியன். என் கை வாசனை ஒட்டிவிடக் கூடாது என்று நான் அதைத் தொடவே இல்லை. பையைக் கட்டிக் கொடுத்தது அண்ணன்.

சுருளி ஆழமாக மூச்சை இழுத்தது. பிறகு மூக்கைத் தரையில் வைத்தது.

"தேடு" என்றேன்.

திருநள்ளாற்றில் சனிக்கிழமை. நளன் குளத்திலிருந்து ஈரத் தலையோடு ஏறி வருகிற கூட்டம், நல்லெண்ணெய் விற்கிறவர்கள், வழி கேட்கிறவர்கள். இத்தனை கால்கள் மிதித்த இடத்தில் ஒரே ஓர் ஆளின் வாசனையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ரஞ்சித் அண்ணன் வேண்டுமென்றேதான் இந்த இடத்தைச் சொன்னான்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். மாலை கம்ப்யூட்டர் வகுப்பில் நெட்டில் படித்தது. ஒருவரை ஒளியச் சொல்லி, அவர் துணியை நாய்க்கு முகரக் கொடுக்க வேண்டும். அது தேடிப் போய், ஆளைக் கண்டதும் அவர் முன்னால் உட்கார வேண்டும். எங்கள் நாட்டு நாய் சுருளி அப்பாவைக் கண்டுபிடித்தது. தோழி பாரதியை வைக்கோல் போருக்குப் பின்னால் கண்டுபிடித்தது.

"அது மோப்பம் புடிக்கல புள்ள. ஒன் மூஞ்சியப் பாத்துப் போவுது" என்றான் அண்ணன்.

அன்று டைரியில் அதைத் தவிர வேறெதுவும் எழுத முடியவில்லை. ஒளிந்த இடம் ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கழுத்து வாரை நானே இழுத்தேனோ?

அதனால் இன்றைய பந்தயம் இது. எனக்குத் தெரியாத இடத்தில் அண்ணன் ஒளிவான். சுருளி கண்டுபிடித்தால் எங்கள் வீட்டில் இருக்கும். இல்லையென்றால் அண்ணனின் கூட்டாளி குணசேகரனுடைய இறால் பண்ணைக்குக் காவலுக்குப் போகும். அந்தப் பண்ணையில் நாய்களைச் சங்கிலியிலிருந்து அவிழ்ப்பதே இல்லை.

வாரைத் தொங்கலாக விட்டேன். சுருளியின் வாலைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

அது தயங்கவில்லை. லாட்ஜ் சந்தில் நுழைந்தது, தேங்காய்க் கடையில் வளைந்தது, சாப்பாட்டுக் கடை வாசலில் எறிந்து கிடந்த இலைகளைக்கூட முகராமல் தாண்டியது. எனக்கு நிச்சயமாகிவிட்டது. இது என் முகத்தைப் பார்த்து நடக்கிற நாய் இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் புது வேட்டி கட்டிய ஒருவர் மனைவியோடு சிமெண்ட் பெஞ்சில் இருந்தார். சுருளி நேராகப் போய் அவர் முன்னால் உட்கார்ந்தது.

நான் அவரைப் பார்த்ததே இல்லை.

இன்னொரு முறை முகரக் கொடுக்கலாம் என்று பைக்குள் கையை விட்டேன். பனியன் ஈரமாக இருந்தது. வெளியே எடுத்தேன். நல்லெண்ணெய் வாடை. கழுத்துக் கிழிசலை நீல நூலால் தைத்திருந்தார்கள்.

அவர் எழுந்துவிட்டார்.

"அத ஏம்மா கொண்டாந்த? நான் குளத்துல விட்டதும்மா அது."

சனி பிடித்தவர்கள் இங்கே எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்தியிருந்ததைக் குளத்திலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். பிடித்தது துணியோடு போய்விடும். துணி பின்னாலேயே வந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாரும் சொன்னதில்லை.

அண்ணன் தன் பனியனைக் கொடுக்கவில்லை. குளக்கரைக் குவியலிலிருந்து எதையோ எடுத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறான். சுருளி அந்த யாரோ ஒருவரையே கண்டுபிடித்துவிட்டது. கத்த வேண்டும் போல இருந்தது எனக்கு.

ஆனால் அவருடைய உதடு நடுங்கியது. மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அண்ணனைப் பார்த்தேன். அவன் ஒளியவே இல்லை. சிரித்தபடி எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறான்.

அவன் காதில் விழும், பந்தயம் போய்விடும் என்று தெரிந்தேதான் அவனைக் கைகாட்டிச் சொன்னேன். "உங்களோடது இல்லைங்க. இது எங்கண்ணன் பனியன். நாய் தப்பா வந்துடுச்சு."

அந்த அம்மாள் நீல நூலையே பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "இவருதான் ஒங்க அண்ணனா? அவரோடதுன்னா போட்டுக்கச் சொல்லு பாப்பம்."

அண்ணனின் சிரிப்பு நின்றுவிட்டது.

குளத்தில் விட்ட துணியை எங்கள் வீட்டில் யாரும் தாண்டிக்கூடப் போக மாட்டோம். அண்ணனும் அதைக் குச்சியால்தான் எடுத்திருப்பான்.

அவன் என்னைப் பார்த்தான். அந்த மனிதரைப் பார்த்தான். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான்.

பனியன் ஈரத்தோடு அவன் முதுகில் சுருண்டு ஒட்டியது. நான்தான் கீழே இழுத்துவிட்டேன்.

"என்னுதுதாங்க்கா. எங்கம்மா தச்சுக் குடுத்தது" என்றான்.

அவர் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

கும்பகோணம் பேருந்து வந்தது. இருவரும் ஏறினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சுருளி பேருந்தின் பின்னால் கொஞ்ச தூரம் இழுத்தது. நின்றது. மூக்கைக் காற்றில் தூக்கியது. பிறகு திரும்பி வந்து அண்ணனை ஒரு சுற்றுச் சுற்றி, அவன் முன்னால் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது.

அண்ணன் சட்டையைக் கையிலேயே வைத்திருந்தான். போட்டுக்கொள்ளவும் இல்லை, பனியனைக் கழற்றவும் இல்லை.

"கண்டுபுடிச்சிருச்சு புள்ள" என்றான்.