முந்தானைக்குள் வெளிச்சம்

ஆணியில் தொங்கிய பெரிய டார்ச்சுக்குத் தன்னைப் பற்றி ஒரே பெருமை. மலையடியில் தொலைந்த ஆட்டை வாசலில் இருந்தே காட்டிக் கொடுத்த கதையைச் சொல்லிச் சொல்லி, வீட்டுப் பூனைக்குக் காதே புளித்துப் போயிருந்தது.

ஒரு மத்தியானம் பூனையின் தொண்டையில் மீன்முள் சிக்கியது. வீட்டுக்காரி பூங்காவனம் அதை மடியில் போட்டுக்கொண்டு டார்ச்சை எடுத்தாள். டார்ச் தன் பலத்தையெல்லாம் திரட்டி வெளிச்சம் அடித்தது. பூனை கண்ணையும் வாயையும் இறுக்க மூடிக்கொண்டது.

"வாயைத் திற, முள்ளு எங்கேன்னு பார்க்கிறேன்!" என்றது டார்ச்.

"என் வாய்க்குள்ள என்ன மலையா இருக்கு? கண்ணு கூசுதுப்பா," என்று முனகியது பூனை.

பூங்காவனம் முந்தானையை இரண்டாக மடித்து டார்ச்சின் முகத்தை மூடினாள். டார்ச்சுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனால் துணி வழியே வெளிச்சம் பால்போல் பரவியதும் பூனை மெல்ல வாயைத் திறந்தது. பூங்காவனம் இரண்டு விரலால் முள்ளைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

அதோடு ஆட்டுக் கதை நின்றுபோனது. "இத்துனூண்டு முள்ளு! முந்தானைக்குள்ள இருந்தே பார்த்தேன், தெரியுமா?" என்றுதான் இப்போதெல்லாம் டார்ச் ஆரம்பிக்கும். ஆணிக்குக் கீழே படுத்திருக்கும் பூனை, ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பதுபோல் வாயைத் திறந்து காட்டும்.