மேடு ஏறாத டிராக்டர்

"வண்டியில குறை இருந்தா எழுதிக் குடுங்க. இல்லேன்னா குறை இந்தம்மாகிட்டதான். திங்கட்கிழமையிலேர்ந்து டிராக்டருக்கு வேற ஆள்."

மேனேஜர் ஜெயச்சந்திரன் இதை எலிசபெத்தின் முன்னாலேயே மெக்கானிக்கிடம் சொன்னார். யாரைப் பற்றியும் முதுகுக்குப் பின்னால் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. அது பெரிய நல்ல குணம் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

மாதாப்பூரில் பெரிய சாஃப்ட்வேர் வளாகம் அது. தோட்ட வேலைக்காகப் புதிதாக வாங்கிய குட்டி டிராக்டர். ஹைட்ரோஸ்டாட்டிக் என்று வாயில் நுழையாத பேர். எண்ணெயின் அழுத்தத்தில் ஓடும் வண்டி. ஓட்டும்போது கிளச் மிதிக்கவோ கியர் மாற்றவோ வேண்டாம். ஹை, லோ என்று ஒரு லீவர். மற்றபடி பெடலை மிதித்தால் ஓடும், விட்டால் நிற்கும். ஆனால் ட்ரெய்லர் நிறைய செம்மண்ணோடு பாறை மேட்டுத் தோட்டத்துக்கு ஏறச் சொன்னால் மட்டும் பாதியில் நின்றுவிடும்.

எலிசபெத் ஆறு வருஷம் அங்கே பாத்ரூம் கழுவியவள். லாலாகுடாவில் வீட்டுக்காரரின் லோடு வண்டியை ஓட்டிப் பழகி லைசென்ஸ் வைத்திருந்ததால் இந்த வேலை கிடைத்தது. அம்மா டிராக்டரில் உட்கார்ந்திருக்கும் போட்டோவை மகள் ஜெஸ்ஸி பதினைந்து நாளாக ஸ்டேட்டஸில் மாற்றி மாற்றிப் போடுகிறாள். திங்கட்கிழமை மறுபடி பிரஷ்ஷைத் தூக்கினால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது?

டிராக்டர் கம்பெனி மெக்கானிக் உமாசங்கருக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். எண்ணெய் அளவு பார்த்தான். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தான். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தான். பழுதான வண்டியைக் கட்டி இழுக்கும்போது திறந்துவிடுகிற வால்வு மூடியிருக்கிறதா என்று தரையில் படுத்துப் பார்த்தான்.

"நீங்க ஒரு தடவை ஏத்துங்கக்கா" என்றான் எழுந்து.

எலிசபெத் சிலுவை போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பாதி மேட்டில் வண்டி திணறியது. திணறியதும் பெடலை அடிவரைக்கும் மிதித்தாள். லோடு வண்டியில் பழகிய கால் வேறென்ன செய்யும்? வண்டி வீலென்று கத்திவிட்டு நின்றது.

"பாத்தீங்களா? தெனம் இதே கூத்து" என்றார் ஜெயச்சந்திரன்.

உமாசங்கர் மேட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "நான் ஏத்திக் காட்டறேன் சார்" என்று வண்டியை வாங்கிக்கொண்டான்.

அதே இடத்தில் நின்றது.

பின்னுக்கு இறக்கி மறுபடி ஏற்றினான். மறுபடி நின்றது. மூன்றாவது தடவையும் அதே கதை.

தோட்டக்காரர்கள் கூடிவிட்டார்கள். "டாக்டருக்கே ஜுரமா?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது.

"ஏம்ப்பா, உங்க கம்பெனியில வேற ஆளே இல்லையா?" என்றார் ஜெயச்சந்திரன்.

உமாசங்கர் அவசரமாகப் போனை எடுத்துக் காதில் வைத்தான். பதற்றத்தில் குரல் ஊருக்கே கேட்டது.

"சார், உமாசங்கர் பேசறேன். லோடோட மேடு ஏற மாட்டேங்குது சார்... ஆமா சார், ஹையிலதான்... ஓ, கீழயே நிறுத்தி லோவுக்கு மாத்திக்கணுமா? ...என்ன சார்? திணறினா மிதிக்கக் கூடாதா? காலைத் தளர்த்தணுமா? ...சரி சார், கை லீவர்ல இன்ஜின் வேகத்தைக் கூட்டி வெச்சுக்கிட்டு, பெடலைப் பாதிக்கு விட்டா இழுவை கூடும்... தப்புதான் சார். ட்ரெயினிங்ல தூங்கிட்டேன் சார். இனிமே தூங்க மாட்டேன் சார்."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எலிசபெத்துக்குச் சிரிப்பு வரவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, நாலு பேர் முன்னால் இப்படிப் பேச்சு வாங்குகிறதே என்று மனசு கஷ்டப்பட்டது. ஆனால் ஒரு வார்த்தையைக்கூட அவள் காது விடவில்லை.

லோவில் போட்டு, காலைத் தளர்த்தி ஏற்றினான் உமாசங்கர். வண்டி மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறிவிட்டது.

"அக்கா, இப்ப நீங்க."

பாதி மேட்டில் வண்டி முனகியது. மிதி மிதி என்று பரபரத்தது எலிசபெத்தின் கால். பல்லைக் கடித்துக்கொண்டு பெடலைக் கொஞ்சம் விட்டாள். வண்டி ஒரு மூச்சு வாங்கிவிட்டு மேலே போய்ச் சேர்ந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"மெக்கானிக்குக்கே தெரியாதப்ப அந்தம்மா மேல என்ன தப்பு?" என்றார் ஜெயச்சந்திரன். நியாயஸ்தர்தான். "எலிசபெத், நீயே ஓட்டும்மா. ஆனா தம்பி, இந்த மாதிரி அரைகுறையை அனுப்பாதீங்கன்னு உங்க கம்பெனிக்கு இன்னிக்கே மெயில் போடறேன்."

"போடுங்க சார்" என்று தலையைக் குனிந்துகொண்டான் உமாசங்கர்.

கூட்டம் கலைந்ததும் எலிசபெத் அவனுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தாள்.

"ஐயோ, சும்மா இருக்க நக்கோ தம்பி, இருக்கவே கூடாது! மெயில் கியில் போச்சுன்னா உன் வேலை என்னாகறது? போன்ல திட்டினாரே, அந்த சாருக்கு ஒரு கால் போட்டுக் குடு. ரொம்ப நல்ல பையன், கோவிச்சுக்காதீங்கன்னு நான் சொல்றேன்."

உமாசங்கர் டீயை வாங்கிக்கொண்டு சிரித்தான்.

"கால் போடறது இருக்கட்டும்க்கா. இங்க சார்ஜர் கிடைக்குமா? காலைல எட்டு மணிக்கே போன் செத்துப்போச்சு."