நிலைக்கண்ணாடி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன். கால் கடுக்க நிற்காதீர்கள். இது உட்கார்ந்து கேட்க வேண்டிய கதை.

துணிக்கடை முதலாளி தேவாலயத்தில் வேதபாடம் வாசிக்க மேடை ஏறினார். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. நான்கு மெழுகுவர்த்திகளில் ஒன்று மட்டும் எரிந்தது.

கடைப் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் நிலைக்கண்ணாடி. தானும் வளையமாட்டார், எதிரே இருப்பவர்களையும் நிற்கவைத்துத்தான் பார்ப்பார்.

வெள்ளிக்கிழமைதான் அந்தப் பெண்கள் ஆளுக்கொரு ஸ்டூல் கேட்டிருந்தார்கள். கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை நின்றே துணி பிரித்து, நின்றே மடித்து, கால் மரக்கட்டையாகிவிடுகிறது என்றார்கள்.

"ஆண்டவர் வர்றார்னு காத்திருக்கிறவன் உட்கார்ந்துக்கிட்டா காத்திருப்பான்? வாடிக்கையாளரும் அப்படித்தாம்மா."

இனி உட்காருகிற பேச்சை எடுப்பவள், வேலையை விட்டுவிட்டு வீட்டில் போய் வசதியாக உட்காரலாம் என்றும் முதலாளி சொல்லிவைத்தார்.

அன்றைய பாடமும் அவருக்குத் தோதாக வாய்த்தது. மீட்பு நெருங்குகிறது, எழுந்து நிமிருங்கள் என்கிற பகுதி. அதற்குச் சபை எழுந்து நிற்பது வழக்கம்.

எழுந்தது. கடைசி வரிசையில் கடைப் பெண்கள் எழவில்லை.

முதலாளி 'எழுந்து' என்பதை ஒன்றுக்கு இரண்டு தடவை வாசித்தார். கடையில் போர்வைப் பக்கம் நிற்கிற பெரியக்கா, வீங்கிய காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள்.

பக்கத்திலிருந்த முழங்கால்வலிக்காரர், இந்த வருஷத்துப் புது முறை போலிருக்கிறது என்று நன்றியோடு உட்கார்ந்தார். அவரைப் பார்த்து அடுத்த வரிசை. அதைப் பார்த்து அதற்கடுத்தது. கடைசியில் போதகரும் ஊரோடு ஒத்துப்போனார்.

நின்றது முதலாளி ஒருவர்தான்.

எழாமல் முதலில் உட்கார்ந்திருந்தவள் எவளோ, அவள் சீட்டை நாளைக்கே கிழித்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு பெரியக்காவை முறைத்தார். அவள் முகவாயால் முன்வரிசையைக் காட்டினாள்.

கடைசி வரிசையையே முறைத்துக்கொண்டிருந்தவர், முன்வரிசையை அப்போதுதான் பார்த்தார். அங்கே அவர் மனைவி. முதலிலிருந்தே அவள் எழவே இல்லையாம்.

இறங்கிப் போனார். அவர் இடத்தில் அவள் கைப்பை இருந்தது. உனக்கென்ன கேடு என்று பல்லைக் கடித்தார்.

"உங்கப்பா கடையில நான் வேலைக்கு நின்னுக்கிட்டிருந்தப்பதானே, நீங்க கல்லாவுல உட்கார்ந்துக்கிட்டே என்னைப் பொண்ணு பார்த்தீங்க? அந்தக் கால் இன்னும் வலிக்குதுங்க."

கைப்பையை அவள் எடுக்கவில்லை. அன்றைக்குப் பிரசங்கம் காத்திருத்தலைப் பற்றி. நீளமான பிரசங்கம். முதலாளி தூணைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

யார் சீட்டும் கிழியவில்லை. அந்த வாரமே ஸ்டூல்கள் வந்தன. எல்லாம் பிரசங்கத்தின் மகிமை என்று போதகர் இன்றுவரை நம்புகிறார்.

உங்கள் வீடு நன்றாக இருக்கட்டும் கண்ணுகளா. அங்கே நின்றுகொண்டே இருக்கிறவள் யாரோ, அவளுக்கு முதலில் ஓர் இடம் கிடைக்கட்டும்.